நீல அலமாரியில் ஒரு இடது கை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்பாதவர்களை உட்கார வைத்து நம்ப வைக்கிற வேலை எனக்கு இல்லை.

இருபத்தொரு வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். செத்தவர்களின் கண்ணை மூடியிருக்கிறேன், தாடையைக் கட்டியிருக்கிறேன். பிணவறைக்கு வெளியே உட்கார்ந்து நிம்மதியாகச் சோறு சாப்பிட்டிருக்கிறேன். ஒருத்தர்கூட எழுந்து வந்து என்னிடம் வம்பு பண்ணியதில்லை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "போய் வேலையைப் பாரு" என்று சொல்கிற ஆள். அப்படிப்பட்டவளுக்குத்தான் இது நடந்தது. தேதியும் மணியும் அப்போதே குறித்து வைத்தேன். காய்ச்சல் சார்ட் எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா?

வருஷம் 1960. அந்த ஏப்ரலில்தான் எல்லைச் சண்டை ஒரு முடிவுக்கு வந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது. புத்தூர் ஆந்திராவிலேயே நின்றது. இரண்டுக்கும் நடுவே ரயிலில் ஒரு மணி நேரம். ஆனாலும் இங்கே வீட்டை விற்றுவிட்டு அந்தப் பக்கம் போனவர்கள் உண்டு. முனிகிருஷ்ணன் என்ற குமாஸ்தா அப்படித்தான் போனார். போகும்போது வயதான தாயார் சென்னம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் இருந்த புத்தூர் வீட்டைத்தான் நான் வாங்கினேன். அந்தம்மாவை நான் கண்ணால் பார்த்ததே இல்லை.

வாங்கியது நான். பத்திரம் என் அண்ணன் சாந்தகுமார் பெயரில். கல்யாணம் ஆகாத நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்குத் தனியாகப் பத்திரமா என்று சபையில் பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து அப்படி முடிவு பண்ணினார்கள். அண்ணன் சித்தூரிலிருந்து வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"தபீதா, கிறிஸ்துமஸ் வரைக்கும் இங்க தனியா இருந்து காட்டு. உன் பேருக்கே எழுதிக் குடுத்துடறேன். ஒரே ஒரு நாள் பயந்துகினு ஓடியாந்த... வித்துடுவேன். எங்க ஊட்டுப் பின்னறை காலியாதான் கீது."

பின்னறை என்றால் எனக்குத் தெரியாதா? அண்ணி, ஆறு பிள்ளைகள், அத்தனை பேருக்கும் பொங்கிப் போட்டுவிட்டு ஓரத்தில் படுத்துக் கிடப்பது. இருபத்தொரு வருஷம் விடுதியில் அடுத்தவர் சமைத்ததைச் சாப்பிட்டவள் நான். எனக்கென்று ஒரு சமையலறை வேண்டும். அதில் உப்பு எங்கே இருக்க வேண்டும் என்று நான்தான் முடிவு பண்ண வேண்டும். அதை விட்டுக்கொடுக்கிற எண்ணமே எனக்கு இல்லை.

முதல் வேலையே சமையலறைதான். நோட்டுப் புத்தகத்தில் அளவெடுத்து நானே வரைந்தேன். தரையில் குந்திச் சமைக்கிற கதையே வேண்டாம். இடுப்பு உயரத்துக்கு மேடை. அதன் மேல் மண்ணெண்ணெய் ஸ்டவ். மேடைக்குக் கீழே இரண்டு கதவு வைத்த அலமாரி, மேலே சுவரில் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் நீலப் பெயிண்ட். ஆஸ்பத்திரியில் எங்கே பார்த்தாலும் வெள்ளை, வெள்ளை என்று பார்த்து அலுத்துப்போன கண்ணுக்கு அந்த நீலம் அவ்வளவு பிடித்திருந்தது. சுவர் மட்டும் வெல்லக்கட்டி நிறத்தில் வேண்டும். நீலத்துக்கு அதுதான் பொருந்தும், பார்த்தாலே வயிறு நிறைகிற நிறம்.

அந்த நிறம் கடையில் கிடைக்கவில்லை. கொத்தனார் பாலையா காவியைச் சுண்ணாம்பில் கலந்து பார்த்தார். கோயில் மதில் மாதிரி சிவந்து போனது. அப்போதுதான் மூலையில் இருந்த பழைய மண் அடுப்பைப் பார்த்தேன். நாற்பது வருஷம் எரிந்து எரிந்து, உடைந்த ஓரத்தில் நான் கேட்ட அதே நிறம். அதை இடித்துப் பொடித்துச் சுண்ணாம்பில் கலக்கச் சொன்னேன்.

பாலையா கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்.

"வேணாம்மா, வேணாம். இது பால் ஊத்தாத அடுப்பு."

"அப்படின்னா?"

"ஊட்ட வுட்டுப் போறப்போ, அடுப்பு மூட்டின பொம்பள தன் கையால பால் ஊத்திக் குளிர வெக்கணும். அப்புறந்தான் இடிக்கலாம். அந்தக் கெழவி ஊத்த மாட்டேன்னு சொல்ட்டுப் போச்சு. திரும்ப வருவேன்னுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கடப்பாரையை நானே எடுத்தேன். நாலு அடி. அடுப்பு பொலபொலவென்று விழுந்தது. இடித்து, சலித்து, சுண்ணாம்பில் கலந்து, நாலு சுவருக்கும் அடித்தோம். எவ்வளவு அழகாக வந்தது தெரியுமா? நீலமும் வெல்லமுமாக... எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பாலையா மட்டும் கூலியை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

நவம்பர் 7, திங்கள். குடி வந்த மூன்றாம் நாள். சாயங்காலம் மணி 6:40. முன்னறையில் துணி தைத்துக்கொண்டிருந்தேன்.

கேழ்வரகுக் களி வாசனை வந்தது.

பக்கத்து வீடாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு சத்தம். டொக்... டொக்... கரக்... பானையில் களிக்கோலைப் போட்டுத் திருப்புகிற சத்தம். என் சமையலறைக்குள்ளிருந்து.

போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. ஸ்டவ் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. சத்தமும் இல்லை.

மறுநாள் காலை உப்பு ஜாடியைக் காணோம். மேல் அலமாரியில் வைத்த ஜாடி, பழைய அடுப்பு இருந்த மூலையில், தரையில் இருந்தது. பக்கத்தில் மிளகாய் டப்பா. அதற்குப் பக்கத்தில் கரண்டி. ஒருத்தி தரையில் உட்கார்ந்தால் கைக்கு எட்டுகிற தூரத்தில்.

எல்லாம் இடது பக்கம்.

எலி என்று நினைக்க நான் முட்டாள் இல்லை. எவளோ இடது கைக்காரி கள்ளச் சாவி வைத்துக்கொண்டு விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பூட்டை மாற்றினேன். எல்லாவற்றையும் மேலே எடுத்து வைத்தேன். மறுநாள் மறுபடியும் தரையில். மறுபடியும் மேலே வைத்தேன். ஒன்பது நாள் இந்தக் கூத்து. நீ கீழே வை, நான் மேலே வைக்கிறேன், யார் முதலில் களைத்துப் போகிறோம் பார்க்கலாம் என்று வாய்விட்டே சொன்னேன்.

நவம்பர் 17, வியாழன். கீழ் அலமாரிக்கு இரண்டாவது பூச்சு அடித்தேன். சாயங்காலம் பார்த்தால் கதவில் ஒரு கை அச்சு. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில். ஐந்து விரலும் விரிந்து, உள்ளங்கை அழுந்தி. தரையில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க ஊன்றுவார்களே, அப்படி.

இடது கை.

என் கையை மேலே வைத்து அளந்தேன். என் கையைவிடச் சின்னது. வாசல் கதவு பூட்டியபடியே இருந்தது. ஜன்னலுக்குக் கம்பி உண்டு.

அன்றைக்கு முதல் தடவையாகப் பயந்தேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே பயந்தேன். ஸ்டேஷனுக்குப் போய் ரேணிகுண்டா வழியாகச் சித்தூருக்கு ரயில் ஏறிவிடலாமா என்று பெட்டியைக்கூட எடுத்தேன். பின்னறை ஞாபகம் வந்தது. அண்ணன் வாசலில் நின்று சிரிக்கிற முகம் ஞாபகம் வந்தது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் ஓங்கி உதைத்துத் தள்ளினேன்.

நவம்பர் 18, வெள்ளி.

மத்தியானம் மூன்று மணிக்கு அந்த அச்சின் மேல் பெயிண்ட் அடித்து மூடினேன். ஐந்தரைக்கு இன்னொரு பூச்சு. வேண்டுமென்றேதான் ஈரமாக விட்டேன். வேலையிலிருந்து நின்ற பிறகும் நான் கட்டுவது வெள்ளைப் புடவைதான். அதை இழுத்துச் செருகிக்கொண்டு, அரிக்கேன் விளக்கோடு சமையலறை வாசற்படியில் நின்றேன்.

6:38. ஒன்றும் இல்லை.

6:40. வாசனை வந்தது.

டொக்... டொக்... கரக்...

எனக்கு மூன்றடி முன்னால். தரையில். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விளக்கு அசையாமல் எரிந்தது.

மூச்சுச் சத்தமும் கேட்டது. வயதானவர்களின் மூச்சு. வார்டில் ஆயிரம் தடவை கேட்டது. இருபது நிமிஷம் கேட்டுக்கொண்டே நின்றேன்.

"யாரு?" என்றேன்.

சத்தம் நின்றது.

பிறகு... டொக். ஒரே ஒரு தடவை.

எனக்குக் கோபம்தான் வந்தது. வார்டில் அடங்காத நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னேன்.

"இது என் சமையலறை. எழுந்திரு. எழுந்து வெளிய போ."

அசைவில்லை.

"எழுந்திருன்னு சொன்னேன்."

முழங்கால் மூட்டு சொடுக்குகிற சத்தம் கேட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்...

ஈரப் பெயிண்ட் அமுங்கியது.

முதலில் உள்ளங்கை. பிறகு ஒவ்வொரு விரலாக. நீலம் ஓரத்தில் பிதுங்கி வழிந்தது. கை இல்லை. அச்சு மட்டும்.

டக்... சர்ர்... டக்... சர்ர்...

ஒரு கால் நடக்கிறது. ஒரு கால் இழுபடுகிறது.

பக்கவாதக்காரர் நடை. அது எனக்குத் தெரியும்.

கொல்லைக் கதவுப் பக்கம் போனது. தாழ்ப்பாள் தானாக மேலே ஏறியது. கதவு திறந்தது.

கடிகாரத்தைப் பார்த்தேன். மணி 7:05.

அதற்குப் பிறகு வாசனை இல்லை. சத்தம் இல்லை. கதவைத் தாழிட்டேன். ஸ்டவ்வைப் பற்றவைத்து, டீ போட்டு, என் மேடைக்கு முன்னால் நின்றுகொண்டே குடித்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் உப்பு ஜாடி வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்கு மறுநாளும்.

டிசம்பர் 4, ஞாயிறு. சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்தேன். மணி 11:20. வாசலில், எனக்கு வீட்டை விற்ற முனிகிருஷ்ணன் நின்றிருந்தார். மொட்டைத் தலை. கையில் மூடி போட்ட ஒரு செம்பு.

"அம்மா போய்ட்டாங்க. நேத்துதான் பதினாறாம் நாள் முடிஞ்சுது."

உள்ளே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மனிதர் பாதி குடித்தார்.

"இங்கிருந்து போன மறு வாரமே விழுந்துட்டாங்க. வலது கை, வலது கால் சுத்தமா வரல. ஏழு மாசம் படுக்கதான். கடசி ஒரு மாசமா சாயங்காலம் ஆனா இடது கைய மட்டும் இப்படி இப்படி சுத்திக்கினு இருப்பாங்க. இன்னாம்மான்னு கேட்டா, களி கிண்டறேன், தொந்தரவு பண்ணாதன்னுவாங்க. அந்த நேரத்துல மட்டும் மொகம் அப்படித் தெளிவா இருக்கும்."

"எப்ப போனாங்க?" என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும்.

"நவம்பர் பதினெட்டு, வெள்ளிக்கெழம. ஏழு அஞ்சு."

அவர் செம்பின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கடசியா பேசினாங்க. எழுந்துக்க சொல்றாங்கடா, வெள்ளப் பொடவ கட்டிக்கினு வாசப்படில நிக்கறாங்க, இனிமே அது என் ஊடு இல்லடான்னாங்க. எனக்கு பதிலா நீ போய் அடுப்புல பால் ஊத்திட்டு வான்னாங்க. அதான் வந்தேன். அடுப்பு எங்கங்க?"

சமையலறைக்குக் கூட்டிப் போய் நாலு சுவரையும் காட்டினேன்.

அவர் சுவரைப் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்தார். நிறம் மாறிப் போனது முகம்.

"இந்த நீலம்..."

"சொல்லுங்க."

"குளிப்பாட்டறப்போ பொம்பளைங்க கூப்ட்டுக் காட்னாங்க. அம்மா இடது உள்ளங்கை பூரா நீலம். மண்ணெண்ணெ போட்டுத் தேச்சும் போகல. அப்படியேதான் எரிச்சோம்."

முனிகிருஷ்ணன் குனிந்து அந்த அச்சின் மேல் தன் கையை வைத்தார். எடுத்தார். உள்ளங்கையைத் திருப்பி எனக்குக் காட்டினார்.

பச்சை ஈரம். நான் பெயிண்ட் அடித்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

பாலை என்ன செய்தோம் என்றால், நாலு சுவரிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தோம். கிறிஸ்தவச்சி இதைச் செய்யலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். ஒரு நாளைக்கு இருபத்தைந்து நிமிஷம், தன் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தவள். எத்தனையோ பக்கவாதக்காரர்களைத் தோளில் தாங்கி நடத்திய நான், அவளை அதட்டி எழுப்பி வெளியே அனுப்பினேன். அது இன்றைக்கும் என்னை வருத்துகிறது.

கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிப் பத்திரத்தை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். இருபத்தாறு வருஷமாக அதே வீட்டில், அதே மேடையில், நின்றுகொண்டுதான் சமைக்கிறேன். யாருக்காகவும் போகவில்லை, போகவும் மாட்டேன். அலமாரிக்கு ஐந்து தடவை புதுப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது.

அந்த ஒரு கை இடத்தைத் தவிர. அது இன்னும் காயவில்லை.