ஏப்ரலில் இல்லாத கோடு

விரிவுரை மண்டபத்துத் திரையில் பெப்ரவரி மாதக் கடல் விரிந்தது. தலைமன்னாருக்கு வடக்கே நீலம், தெற்கே செம்மஞ்சள், இடையில் ஒரு கோடு. குளிர்ந்த நீரும் வெப்ப நீரும் முட்டிக்கொள்ளும் எல்லை என்றார் விரிவுரையாளர். அடுத்த படம் ஏப்ரல். கடல் முழுக்க ஒரே சிவப்பு; கோட்டைக் காணவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே வாப்பாவின் மீது கோபம் வந்தது.

அந்தக் கோட்டைப் பற்றி முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு எட்டு வயது. உம்மாவின் தங்கை, என் சாச்சி, வத்தேகமயில் எங்களோடுதான் இருந்தார். மன்னாரிலிருந்து சந்தைக்கு மீன் கொண்டுவரும் ஒருவர் அவரைப் பெண் கேட்டார். சாச்சிக்கு மிகவும் பிடித்திருந்தது. வாப்பா மட்டும் "மீன் லொறிக்காரன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஒருநாள் எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டே அந்த மன்னார்க்காரர் தன் கடலைப் பற்றிப் பெருமையடித்தார். "பெப்ரவரியில வாங்க சேர், காட்டுறன். தண்ணியில கை வச்சா குளிரும். படகக் கொஞ்சம் ஓட்டினா அப்படியே வெதுவெதுப்பாகும். அந்த ஓரத்துலதான் மீன் நிக்கும்."

வாப்பா பள்ளிக்கூட வாத்தியார். எதையும் சோதித்துத்தான் நம்புவார். பெப்ரவரியில் லீவு இல்லை என்று, ஏப்ரல் விடுமுறையில் மாப்பிள்ளை வீடு பார்க்க எங்களைக் கூட்டிப்போனார். பார்த்த கையோடு படகிலும் ஏறினோம். வாப்பா தண்ணீரில் கை வைத்தார், படகை ஓட்டச் சொன்னார், மறுபடியும் வைத்தார்.

"ரெண்டும் ஒரே சூடுதானே, தம்பி."

"இப்ப இருக்காது சேர். வெயில் ஏறினா அழிஞ்சிரும்."

"நாங்க வார நேரம் பாத்தா அழிஞ்சிச்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். சாச்சி சிரிக்கவில்லை, நீரில் வைத்த கையை எடுக்கவுமில்லை. விளையாடுகிறார் என்று நினைத்து அவர் மேல் தண்ணீர் தெளித்தேன்.

திரும்பும் வழியில் வேனிலேயே தீர்ப்பு வந்தது. "கடல வெச்சே பொய் சொல்றவன், கரையில எத்தின சொல்லுவான்."

பிறகு சாச்சியைக் கட்டுகஸ்தோட்டையில் பொய்யே சொல்லாத ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் எதுவுமே சொல்வதில்லை.

போன வாரம் இரண்டு படங்களையும் போனில் கொண்டுபோய்க் காட்டினேன். சாச்சி மீன் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"அவரு பெப்ரவரின்னுதானே சொன்னாரு. ஒங்க வாப்பாவும் கேட்டுக்கொண்டுதான் ஈந்தாரு."

அந்தப் படகில் வாப்பா தேடியது கோடு அல்ல, சம்பந்தத்தை மறுக்க ஒரு சாட்டு. எட்டு வயதில் எனக்குத் தண்ணீரின் சூடு மட்டும்தான் தெரிந்தது.

வரும் பெப்ரவரியில் வெப்பமானியோடு தலைமன்னாருக்குப் போகிறேன். வாப்பாவையும் கூட்டிப்போவேன். ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது லீவு தேவையில்லை. தண்ணீரில் முதலில் அவர்தான் கை வைக்க வேண்டும்.