கறுக்காத ஃபிலிம்

மூன்றாவது தடவையாக முழங்கை வரை சோப்பு நுரைக்கிறது. வேலைக்குப் போட்டுப்போன சட்டை, வீட்டுக்குள் வராமலே கொடியில் ஏறிவிட்டது. காஜா பெராங் ஊரில், வீட்டின் பின்புறக் குழாயடியில் ராஜரத்தினம் தினமும் இப்படித்தான் தன்னைத் துவைத்துக்கொள்வார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை உதவியாளர். பதினோரு வருடச் சர்வீஸ்.

"போதுங்க! தோலு உரிஞ்சிரப் போவுது" என்பாள் மனைவி பாக்கியலட்சுமி, இடுப்பில் மகளோடு. ஒன்பது வருடம் தவங்கிடந்து பெற்ற மகள் கோகிலா. நாடு சுதந்திரமடைந்த மெர்டேக்கா மாதத்தில் பிறந்தாள். பத்து மாதமாகிறது. அப்பா இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை.

பாசமில்லாமலா? அடேயப்பா! பாசாருக்குப் போனால் கிலுகிலுப்பை வாங்காமல் திரும்பமாட்டார். அதையும் தரையில் உருட்டித்தான் விடுவார். பிள்ளை தூங்கும்போது இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

எல்லாம் பேப்பர் படித்து வந்த வினை. அணுகுண்டுச் சோதனைச் செய்தி ஒன்றையும் விடமாட்டார். அணு உடைந்த சாம்பல் காற்றில் வந்து புல்லிலும் பாலிலும் ஒட்டிக்கொள்கிறதாம். தன் மேலும் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று மனத்தில் விழுந்துவிட்டது. "ஈயக் கவசத்துக்கு வெளிய கை இருக்குல்ல?" என்று விரித்துக் காட்டுவார்.

ஆஸ்பத்திரி டாக்டர் ஜெயபாலன் சிரித்தார். "அது வேற, இது வேறலா. வெளக்க அணைச்சா வெளிச்சம் சட்டையில ஒட்டுமா? எக்ஸ்ரேயும் அப்படித்தான். சுவிட்ச அணைச்சா முடிஞ்சது."

மனுஷன் கேட்டால்தானே! கறுப்புத் தாளில் சுற்றிய ஃபிலிம் துண்டைப் பனியனுக்குள் கட்டிக்கொண்டு படுத்தார். கதிர் பட்டால் ஃபிலிம் கறுக்கும். அது அவருக்கு அத்துப்படி. மறுநாள் ஆஸ்பத்திரியில் தானே கழுவினார். கண்ணாடிபோலத் தெளிவாக வந்தது. "ஒரு தடவ பாத்தா போதுமா?" என்று மறுபடியும் கட்டினார். இன்றோடு ஏழு துண்டு. ஏழும் கறுக்கவில்லை.

"நாட்டுக்கே சொதந்திரம் கெடச்சிருச்சு. எம்மவளுக்கு அப்பா எப்பங்க கெடப்பாரு?" என்று இன்று கேட்டே விட்டாள் பாக்கியலட்சுமி. வழக்கமான கேலி இல்லை, குரல் உடைந்திருந்தது. பிள்ளையைப் படியில் இறக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ராஜரத்தினம் கொடியிலிருந்த சட்டைப் பையைத் துழாவி ஏழாவது துண்டை எடுத்தார், வெயிலில் தூக்கிப் பார்த்தார். அதற்குள் கோகிலா தவழ்ந்து வந்து, தொங்கிக்கொண்டிருந்த மறு கையின் ஈரச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். பழக்கதோஷத்தில் கை விலகப் பார்த்தது. அவர் அதை இழுத்துக்கொள்ளவில்லை.