எந்தக் காய்ச்சல்?

வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள் நான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில் காய்ச்சல் வந்தது. தொண்டை வலித்தது, கழுத்தில் நெறி கட்டியது, மார்பில் நாலைந்து சிவந்த பொரி. அது வெறும் வேர்க்குருவாகக்கூட இருந்திருக்கலாம். அம்மா ஒரு தடவை பார்த்தாள், முடிவு செய்துவிட்டாள்.

"ஆத்தா வந்திருக்கா. ஆஸ்பத்திரி, ஊசின்னு எவளாச்சும் பேசுனீங்க, அம்புட்டுத்தான்."

வாசலில் வேப்பிலை செருகினாள். வீட்டில் தாளிப்பு நின்றது. மாத்திரை இல்லை, ரத்தச் சோதனை இல்லை. மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் ஆத்தா இறங்கிவிட்டாள் என்றார்கள். அசதி மட்டும் அப்படியே இருந்தது.

எட்டு மாதம் ஆயிற்று. தலை சீவினாலே கை கடுத்தது. இன்றைக்குத் தேவலை என்று நாலு துணி துவைத்தால் அடுத்த இரண்டு நாளும் படுக்கைதான். பஞ்சுத் தூசியா, ரத்தம் குறைவா, ஆத்தாவின் கோபமா, ஒரு எழவும் புரியவில்லை. மில்லுக்குப் பாதி நாள் போக முடியவில்லை. நோய்தான் என்று டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டு வராவிட்டால் வேலை கிடையாது என்று மில்லில் சொல்லிவிட்டார்கள்.

அம்மாவும் நானும் திண்டுக்கல்லில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். எல்லாச் சோதனையும் சரியாகவே வந்தது. நல்ல மனுஷன், யோசித்து யோசித்துப் பேசினார்.

"சில வைரஸ் காய்ச்சல் போன பெறகும் இப்படி அசதி நிக்கிறதுண்டும்மா. காய்ச்சலை எதுத்து நின்ன சக்தி ஓய மாட்டேங்குதோ என்னமோ, யாருக்கும் தெளிவாத் தெரியல. ஒனக்கு வந்தது எந்தக் காய்ச்சல்? அப்ப ரத்தம் பாத்தீங்களா?"

"அம்மைங்கய்யா," என்றாள் அம்மா.

அவர் என் முகத்தையும் கைகளையும் பார்த்தார். ஒரு தழும்புகூட இல்லை. சோதனையில் குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பாவம், வேறென்னத்தை எழுதுவார்? மில்லில் அதைப் படித்துவிட்டு, திங்கட்கிழமை வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்றார்கள்.

திங்கட்கிழமை மில் பஸ் வந்தது. முதல் படியில் ஒரு காலை வைத்தேன். அடுத்த கால் எழும்பவில்லை.

"ஏறுடி, கல்யாணப் பொண்ணு கணக்கா நிக்கிற," என்றாள் பின்னால் நின்றவள். பஸ்ஸே சிரித்தது. நான் நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பயந்துபோய் இறங்கிவிட்டேன். பஸ் போய்விட்டது, வேலையும்தான்.

வழியனுப்ப வந்த அம்மா என் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டாள்.

"அன்னைக்கே ஊசி போட்ருந்தா சரியாயிருக்குமாடி?"

எனக்கு அது இன்றைக்கும் தெரியாது. அப்போதிருந்த ஆத்திரத்தில் "ஆமா" என்று சொல்லிவிட்டேன். அம்மா சாகிற வரைக்கும் அதை நம்பினாள்.