விரலைச் சூடு பண்ணிக்கொள்ளும் நர்ஸ்

எட்டாவது வரை படித்த நான் ஒருவரைப் பற்றி எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரியலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் நெஞ்சுச் சளியோடு படுத்திருந்தார். அங்கே ஒரு நர்ஸ். ஒல்லியான உடம்பு, நெற்றியில் சின்னத் தழும்பு. ஊசி போடும் முன் எங்கள் சுடுதண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து விரல்களைச் சூடு பண்ணிக்கொள்வார். என் வீட்டுக்காரருக்கு நரம்பு லேசில் தெரியாது. மற்றவர்கள் நாலு இடத்தில் குத்துவார்கள். இந்த நர்ஸுக்கு ஒரே குத்துதான்.

ஒருநாள் காலையில் என்னிடம் கேட்டார்.

"அக்கா, வெளிநாட்டுல ரெண்டு வேலை வந்திருக்கு. ஒண்ணு பனி கொட்டுற ஊரு, சம்பளம் ஜாஸ்தி. கூட இருக்கறவங்கல்லாம் அங்கதான் போறாங்க. இன்னொண்ணு மஸ்கட். கடலோரம், நல்ல வெயிலு. இன்னிக்குள்ள சொல்லணும். எங்க போகட்டும்?"

"வெயிலுக்கு எங்க ரெட்டிபாளையம் போதாதா சிஸ்டர்?" என்றார் என் வீட்டுக்காரர்.

எங்கேயும் போகாதீங்க என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் நர்ஸ் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தேன்.

"பனியில விரல் மரத்துப்போனா நரம்பு எப்படி அம்புடும்? மஸ்கட்டுக்கே போங்க சிஸ்டர்."

அவர் நிம்மதியாக மூச்சு விட்டுச் சிரித்தார். "இதை யாராச்சும் சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன்க்கா. மார்கழியில இங்கயே எனக்கு விரல் மடங்காது."

அங்கேயே நின்று ஏஜென்டுக்குப் போன் போட்டார். எனக்கும் மனசு லேசானது. பொதுவாக யாரிடமும் வாயே திறக்காத என்னிடம் ஏன் கேட்டார் என்பது இன்னும் தெரியவில்லை.

மறுநாள் அவர் மெடிக்கல் செக்கப்புக்குத் திருச்சி போய்விட்டார். வேறொரு நர்ஸ் வந்தார். இரண்டாவது குத்தில் நரம்பு கிடைத்தது.