மூட மறுத்த பிரவுசர்

எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவள் நான். மலையூரான ஜமுனாமரத்தூரில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

நர்சிங் கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று, செல்வி தன் அப்பாவோடு வந்தாள். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, வேலை முடிந்ததென்று பிரவுசரை மூடப்போனேன். மூட முடியவில்லை. 'பிளகின் இயங்கவில்லை' என்று திரை வெளுத்து நின்றது. பாட்டு இறக்க யாரோ கேட்டதால், பிரவுசரோடு நான் ஒட்டவைத்த சின்ன மென்பொருள் அது.

"இன்னா பாப்பா, எம்பொண்ணு படிப்பு போச்சா?" என்றார் செல்வியின் அப்பா.

மலையில் கரண்ட் போய்ப் போய் வரும். எது நின்றாலும் சுவிட்சை அணைத்துப் போடுவதுதான் எங்கள் வழக்கம். என் கை சுவிட்சுக்குப் போனது.

"அய்யோ அணைக்காதக்கா, இன்னா ஆச்சுன்னே தெரியல!" என்று செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓடுகிறவற்றையெல்லாம் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அந்தப் பிளகினை மட்டும் நிறுத்தினேன். திரை உயிர்பெற்று, 'விண்ணப்பத்தை அனுப்பாமல் வெளியேறவா?' என்று கேட்டது.

அனுப்பும் பொத்தானை நான் அழுத்தவே இல்லை! சுவிட்சை அணைத்திருந்தால், முடிந்ததென்றே நம்பி அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். உடனே 'இல்லை' என்று சொல்லி அந்தப் பொத்தானை அழுத்தினேன்; விண்ணப்பம் சேர்ந்ததென்று திரையில் வந்தது.

பிளகின்களை அன்றே நீக்கிவிட்டேன். இப்போதெல்லாம், விண்ணப்பம் சேர்ந்ததென்று திரையில் வருவதை, கல்லூரிக்குப் போகும் பிள்ளையே வாய்விட்டு வாசித்த பிறகுதான் பிரவுசரை மூடுகிறேன்.