பிரிக்காத டைமிங் பெல்ட்

போகிக்கு முந்தின நாள் பரணைக் காலி செய்வது எங்கள் மயிலாப்பூர் வீட்டில் இன்னும் நடக்கிறது. முன்பெல்லாம் விடியற்காலையில் கொளுத்துவோம், இப்போது குப்பை வண்டிக்காரரிடம் கட்டிக் கொடுக்கிறோம். இந்த வருஷம் அண்ணாவின் பழைய கிரிக்கெட் பை என் தலையில் விழுந்தது. உதறினேன். ஒரு பேட், ஒற்றைக் கையுறை, பிறகு ஓர் அட்டைப்பெட்டி. ஒட்டின டேப்பை யாரும் பிரிக்கவில்லை. மேலே நீலப் பேனாவில் ஒரு கார் நம்பர். ஒன்பதுக்கு இவ்வளவு நீளமாக வால் போடுகிற ஆள் எங்கள் குடும்பத்தில் ஒருத்திதான். அது என் கையெழுத்து, என் காரின் நம்பர்.

டேப்பைக் கிழித்ததும் புது ரப்பர் வாசனை வந்தது. இருபத்திரண்டு வருஷம் மூடிக் கிடந்த வாசனை. புது ரப்பர் என்றால் எனக்கு ஜூன் மாதமும் பள்ளிக்கூட ரெயின்கோட்டும்தான் நினைவுக்கு வர வேண்டும். ஆனால் கார் சாமான் விற்கிற ஜி.பி. ரோடு வந்தது, மெக்கானிக் டில்லி வந்தார். நான் பரண் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஒரு கார் இருந்தது என்று சொன்னால் இப்போது என் பிள்ளையே நம்புவதில்லை. ஆழ்வார்பேட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தபோது, கூட இருந்த ஒருவரிடம் வாங்கிய சாம்பல் நிறக் குட்டி வண்டி. என்னிடம் வரும்போதே அதற்கு வயதாகியிருந்தது. கார் என் பெயரில், சாவி பாதி நாள் அண்ணாவின் பாக்கெட்டில். அதைப் பற்றி எனக்குக் குறையும் இல்லை. அண்ணா என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவன். அவனுக்குப் பொய் சொல்ல வராது என்பது எங்கள் வீட்டில் காயத்ரி ஜபம் மாதிரி தினமும் சொல்லப்படும்.

டில்லியின் ஷெட் கால்வாய்க்கரையில் இருந்தது. நாலு தகரம், ஒரு பலகை, பின்னால் அவர் குடும்பம் இருந்த வீடு. வண்டியை ஓடவிட்டு, நீள ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் இன்னொரு முனையைக் காதிலும் வைத்துக் கேட்பார். ஒரு நாள் அப்படிக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"டைமிங் பெல்ட்டு பூட்ச்சிமா. வெட்டு வெட்டா கீது பாரு. அத்த இழுத்துப் புடிக்கிற உருளையும் சத்தம் போட்டுகினு கீது. இதோட ஓட்டாத."

எனக்குப் புரியாததால் தன் இரண்டு கைகளையும் மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே வரும், வால்வு கீழே இறங்கும். ஒன்று வரும்போது இன்னொன்று விலக வேண்டும். இரண்டையும் அந்தப் பல் வைத்த ரப்பர் பட்டைதான் நேரம் தவறாமல் சுற்ற வைக்கிறது. அறுந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும், எஞ்சின் காலி. ஒரு வாரம் ஆபீசில் எல்லோருக்கும் இதைக் கையை ஆட்டி விளக்கினேன். பிறவி மெக்கானிக் என்று நினைப்பு.

சாமானை நாமே வாங்கிக் கொடுத்துவிட்டு, மாற்றிய பிறகு பழசைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் ஏமாற மாட்டோம் என்பது அந்தக் காலத்துக் கார்க்காரர்கள் எல்லோரும் சொன்ன புத்திமதி. அதனால் நானே ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். காட்டன் புடவையும் சாப்பாட்டுக் கூடையுமாக நின்ற என்னைப் பார்த்து, ஏறிய கடையெல்லாம் "சார் வரலியாம்மா?" என்றார்கள். பெல்ட்டையும் உருளையையும் ஒரே பெட்டியில் வாங்கி, மாறிப் போகாமலிருக்க மேலே கார் நம்பரை எழுதினேன். டில்லி இரண்டு நாள் வண்டியை விடச் சொல்லியிருந்தார். அந்த வாரம் எனக்கு ஆடிட் வேலை.

"நீ ஆபீஸ் போ. நான் வண்டியக் கொண்டு போய் விட்டுட்டு வரேன்" என்றான் அண்ணா.

"பழசை மறக்காம வாங்கிண்டு வா."

மூன்றாம் நாள் வண்டியும் வந்தது, தினசரித் தாளில் சுற்றிய ஒரு பழைய பெல்ட்டும் வந்தது. வெடிப்பு வெடிப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு. "போதுமா?" என்று சிரித்தான். அதைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்தேன். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டினாள்.

நாலு மாதம் கழித்துப் பாலவாக்கத்தில் பெரியம்மா வீட்டு கிரகப்பிரவேசம். அம்மாவை உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் டக்கென்று ஒரு சத்தம், வண்டி நின்றுவிட்டது. அம்மா பட்டுப்புடவையோடு வெயிலில் நின்றாள். பக்கத்து ஷெட்டிலிருந்து வந்தவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது வண்டியோட வந்த பெல்ட்டும்மா. மாத்தவே இல்ல. எவனோ உன்ன நல்லா ஏமாத்திக்கீறான்" என்றார்.

எவனோ. எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆணியிலிருந்த பெல்ட்டை எடுத்துக்கொண்டு, அண்ணாவையும் கூட்டிக்கொண்டு நேரே கால்வாய்க்கரைக்குப் போனேன். ஷெட்டில் இரண்டு ஆட்டோக்காரர்கள் இருந்தார்கள். டில்லியின் மனைவி குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. புது பெல்ட்டை விற்றுவிட்டீர், நீர் ஒரு திருடன் என்று கத்தினேன். அவ்வளவு தெளிவாக நான் வேறு எந்த நாளும் பேசியதில்லை.

டில்லி கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். "இன்னாமா சொல்ற? என்னாண்ட வண்டியே வர்ல. அண்ணன் காத்து புடிக்கக்கூட இட்டாரல."

"அப்ப இது ஏது?" என்று பெல்ட்டை நீட்டினேன்.

வாங்கி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "இது உன் வண்டிதே இல்லமா. இது பெரிய வண்டிது. பல்லு எண்ணிப் பாரு, தெரியும்."

ஆடிட்டர் ஆபீசில் பகலெல்லாம் எண்களைச் சரிபார்க்கிறவள் நான். அன்றைக்கு நான் எண்ணவில்லை. திருடிவிட்டு எனக்கே பாடம் எடுக்கிறீரா என்றேன். டில்லி என்னை விட்டுவிட்டு அண்ணாவைப் பார்த்தார்.

"நீ சொல்லு நைனா."

அண்ணா கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வா, போலாம். இவாகிட்டப் பேசி என்ன பிரயோஜனம்" என்றான்.

பெல்ட்டை டில்லியின் காலடியில் எறிந்துவிட்டு வந்தேன். நான் கார் வாங்கியதே பிடிக்காத அப்பா "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்" என்று மட்டும் சொன்னார். வண்டி காயலான் கடைக்குப் போனது. அதற்குப் பிறகு நான் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. டில்லி திருடன் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடம் சொன்னேன், ஆபீசில் சொன்னேன், எங்கள் தெருவில் கார் வைத்திருந்த நாலு வீட்டிலும் சொன்னேன். அந்த நாலு வண்டியும் டில்லியிடம் போவது நின்றது. நல்லதைச் செய்துவிட்டதாக எனக்குத் திருப்தி வேறு.

ஏணியிலிருந்து இறங்கியதும் அடையாறில் இருக்கும் அண்ணாவுக்குப் போன் செய்தேன். பெட்டியைப் பற்றிச் சொன்னேன். சிரித்தான்.

"அதை இன்னுமா தூக்கிப் போடலை?"

"நீ டில்லிகிட்டப் போகவே இல்லையா அண்ணா?"

"போனேனே. கூட்டமா இருந்தது. அந்த ரெண்டு நாள் எனக்கு வண்டி வேண்டியிருந்தது. உன் மன்னியோட பெசன்ட் நகர் போகணும்னு. அப்ப கல்யாணம்கூட நிச்சயமாகலை. அடுத்த வாரம் விட்டுடலாம்னு நினைச்சேன், மறந்துட்டேன்."

"அந்தப் பழைய பெல்ட்?"

"அவர் ஷெட் வாசல்ல ஒரு குவியல் கிடந்ததே. விடுடி, யார் செத்துட்டா இப்ப?"

போனை வைத்துவிட்டேன். கார் போனதைக்கூட மன்னித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். மறதியை மன்னிக்கலாம். ஆனால் அன்றைக்கு நான் கத்தியபோது அவன் பக்கத்தில் நின்றான். என் வாயால் ஒரு மனுஷனைத் திருடன் ஆக்கிவிட்டு, என்னோடு வீட்டுக்கு வந்து மோர்சாதம் சாப்பிட்டான். சொந்த அண்ணா என்னை இப்படி உபயோகித்துக்கொண்டான் என்பதுதான் பொறுக்கவில்லை. அவன் பொய்யைவிட என் நம்பிக்கைதான் அதிகக் கெடுதல் செய்தது என்பதும் தெரிகிறது. அதைத் தெரிந்துகொண்டு யாருக்கு என்ன லாபம்?

போகியன்று தெருவில் பையன்கள் மேளம் அடித்துக்கொண்டிருக்கும்போது பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கால்வாய்க்கரைக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ஷெட் இருந்த இடத்தில் தகரத் தடுப்பு. உள்ளே எட்டிப் பார்த்தால் இடுப்பளவு புல். ஒரு வீடு இல்லை, குடம் தூக்கி வர ஆள் இல்லை. எதிரே டீக்கடை மட்டும் இருந்தது, கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். கேட்டேன்.

"அவங்கள அல்லாம் காலி பண்ணி ஊருக்கு வெளிய பெரும்பாக்கம் அனுப்ச்சிட்டாங்களே. எவ்ளோ வருசமாச்சி. நீ யாரைத் தேடுற?"

"டில்லின்னு ஒரு மெக்கானிக்."

"யாரு, பெல்ட்டு டில்லியா? ஒரு பொண்ணு கார்ல பெல்ட்ட ஆட்டைய போட்டாருன்னு சொல்லுவாங்களே, அவரா?"

பையின் வாயைக் கையால் மூடிக்கொண்டேன்.

"இல்லை. அவர் யார் பெல்ட்டையும் எடுக்கலை" என்றேன்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப நீ கேக்கறது வேற யாரோமா. இங்க இருந்தது பெல்ட்டு டில்லி ஒர்த்தர்தான்."