லுங்கித் துணி வைத்துத் தைத்த கோட்டு

என் கணவர் ஒரு காலத்தில் சென்னையில் ராக் பாடகராக இருந்தவர். திருத்தணியில் இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. சக்கர நாற்காலியில் வாசலில் உட்கார்ந்து, மலைக்குப் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரைத்தான் அவர்களுக்குத் தெரியும்.

மேடையில் அவர் போட்ட கறுப்புக் கோட்டை நான்தான் தைத்தேன். உள்ளே லைனிங் வைக்கத் துணி போதாமல், பொதட்டூர்பேட்டையில் வாங்கிய அவருடைய கட்டம்போட்ட லுங்கி ஒன்றை வெட்டி வைத்தேன். ஒரு கச்சேரியில் புழுக்கம் தாங்காமல் கோட்டைக் கழற்றியவர், என்ன தோன்றியதோ, உள்பக்கத்தை வெளியே திருப்பி மாட்டிக்கொண்டு பாடினார். கூட்டம் கத்தித் தீர்த்தது. அப்புறம் கடைசிப் பாட்டு என்றாலே கோட்டைத் திருப்ப வேண்டும் என்றாகிவிட்டது. காலேஜ் பையன்கள் லுங்கித் துணியில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

பிறகு பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிக்கொண்டது, பேச்சு குழறியது. சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு, திருத்தணியில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் அவருடைய அப்பா வீட்டுக்கு வந்துவிட்டோம். அவரோடு இசைக்குழுவில் இருந்தவர்கள் முதலில் நேரில் வந்தார்கள். பிறகு போனில் விசாரித்தார்கள். பிறகு பிறந்தநாளுக்கு மட்டும் ஒரு வரி அனுப்பினார்கள். அதுவும் நின்றுபோனது.

அப்படி இருக்கையில்தான் சென்னையிலிருந்து ஒருவர் காரில் வந்தார். பாடகர்களின் மேடை உடைகளைச் சேகரிப்பவராம். சின்ன வயதிலிருந்தே இவருடைய ரசிகர் என்றார். தன்னைப் பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று இவருக்கு ஒரே சந்தோஷம். நல்ல சட்டை போட்டுவிடச் சொன்னார். காபி கொடுத்தேன். வந்தவர் பாதி குடித்ததுமே கோட்டைப் பற்றிக் கேட்டார்.

பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார்.

“துவைச்சிட்டீங்களா மேடம்?”

“ஆங், துவைக்காம எப்படிங்க வச்சிகினு இருக்கறது?”

வந்தவர் முகம் வாடிவிட்டது. வேர்வைக் கறையோடு இருந்தால் அதன் மதிப்பே வேறு என்றார். அந்த வேர்வை நாற்றத்தோடு கச்சேரிக்குக் கச்சேரி மல்லுக்கட்டியவள் நான்.

இவருடைய கோட்டுதான் என்பதற்கு அத்தாட்சியாக, இவர் போட்டுக்கொண்டிருப்பதுபோல் ஒரு படம் வேண்டுமென்றார். விழுந்த கையை நான் தூக்கிப் பிடித்து உள்ளே நுழைத்தேன். தோள் இறங்கித் தொங்கியது. வந்தவர் செல்போனைத் தூக்கினார், பார்த்தார், நகர்ந்து நின்று மறுபடி பார்த்தார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “மேடம், கோட்டை மட்டும் தனியா மாட்டி எடுத்துக்கலாமா?”

இவருக்குப் பேச்சுதான் குழறுமே தவிர காது நன்றாகக் கேட்கும்.

“கழட்டிக் குடுத்துடு,” என்றார். “அவருக்கு அதான் வேணும்.”

கொடுத்துவிட்டேன். வந்தவர் தந்ததை வாங்கிக்கொண்டேன். மருந்துக்குப் போனது. பெருந்தன்மை காட்டும் நிலைமையில் நாங்கள் இல்லை.

சில மாதம் கழித்துச் சென்னையில் அந்தச் சேகரிப்பாளர் கண்காட்சி வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. போயே தீருவேன் என்று இவர் அடம்பிடித்தார். மின்சார ரயிலில் ஏற்றி இறக்குவதற்குள் என் இடுப்பு விட்டுப்போனது. வாசலில் இருந்த பெண் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டிக்கெட் கேட்டாள். இவர் யார் என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் என் கையை அழுத்தினார். டிக்கெட் எடுத்தேன்.

கோட்டைக் கண்ணாடிக்குள் நிறுத்தி, மேலே விளக்குப் போட்டிருந்தார்கள். இவர் அதன் எதிரே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இவருடைய படம் அச்சடித்த பனியன் போட்ட நாலைந்து பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவன் மரியாதையாகத்தான் சொன்னான்:

“அங்கிள், கொஞ்சம் நகந்துக்குங்க. நாங்க கோட்டோட ஒரு போட்டோ எடுத்துக்கறோம்.”

நான் நாற்காலியைத் தள்ளினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பையன்கள் இவர் காலில் விழுந்திருப்பார்கள். இவர் சொல்லவிடவில்லை. திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தவர், மணவூர் தாண்டும்போதுதான் வாய் திறந்தார். “நல்லா தச்சிருக்க,” என்றார். இத்தனை வருஷத்தில் இவர் அதைச் சொன்னது அப்போதுதான். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இப்போது அந்தச் சேகரிப்பாளரை இவரே போனில் கூப்பிடுகிறார். மேடையில் போட்ட பூட்ஸ் இருக்கிறது, வந்து பாருங்கள் என்கிறார். இவர் பேசுவது புரியாமல் அந்தப் பக்கம், “என்ன சார்? என்ன சார்?” என்று கேட்பது எனக்கே கேட்கிறது. அந்த பூட்ஸ் சென்னை வீட்டைக் காலி செய்தபோதே குப்பைக்குப் போய்விட்டது. தூக்கிப் போடச் சொன்னதே இவர்தான்.

எதற்கு இந்தப் பொய் என்று கேட்டேன்.

“பூட்ஸ்னு சொன்னாத்தானே வருவான்,” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் சேகரிப்பாளர் வருவதாகச் சொல்லியிருந்தாராம். இவர் கறிக்குழம்பு வைக்கச் சொன்னார். வைத்தேன். மூன்று மணி வரைக்கும் சாப்பிடாமல் காத்திருந்தார். அதற்குமேல் நானே சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டேன்.